இல்லாத ஆணித்துளைகள்

2007 ஆகஸ்டில் ஒரு போலி ஓவியத்தை அசல் என்று நம்பும்படி எழுதிக் கொடுத்தேன். ஏமாந்து எழுதவில்லை. இத்தனை வருடமாக இதை நினைக்கும்போதெல்லாம், எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போதுகூட, "அப்போது ஒரு சந்தேகம் இருந்தது" என்றுதான் சொல்லி வந்தேன். அந்தச் சொல்லை இன்று விட்டுவிடுகிறேன். சந்தேகம் இல்லை. தெரியும்.

ஓவியரின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. அவர் உயிரோடு இல்லை. ஒரு போலியோடு சேர்த்து அவர் பெயரை இன்னொரு முறை அச்சில் ஏற்றும் உரிமை எனக்கில்லை. அவர் மனைவியை அம்மா என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஓவியர் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர் என்பது போதும். 1966-ல் பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் மணலை வாங்கிச் சோழமண்டலம் அமைத்தபோது இவர் அங்கே குடியேறவில்லை; ஆனால் வாரம் தவறாமல் போய்வந்தார். அவர்கள் பாத்திக் துணி விற்றுச் சாப்பிட்டுக்கொண்டு, பாரிஸைப் பார்த்து வரையாமல் நம் கோட்டையும் எழுத்தையும் வைத்து வரைந்து பார்த்த காலம் அது. படம் விற்காது. விற்றால் சில நூறு ரூபாய்.

நான் அவரை முதலில் பார்த்தது 1984-ல். எனக்கு 23 வயது. ஐந்நூறு பிரதி அச்சடிக்கும் ஒரு சிற்றிதழுக்காகப் பேட்டி எடுக்க, ராயப்பேட்டையில் அவருடைய வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கித்தானைச் சட்டத்தில் இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். பேட்டியை அப்புறம் பார்க்கலாம், இதைப் பிடி என்றார். பிடித்தேன். நாலு பக்கமும் நடுவில் ஓர் ஆணி, பிறகு அதன் இருபுறமும் ஒவ்வொன்றாக ஓரத்தை நோக்கி. இடுக்கியால் துணியை இழுக்கும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். "நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போகணும்ப்பா. ஓரத்துல ஆரம்பிச்சா துணி முறுக்கிக்கும்." ஆணி, செருப்புத் தைப்பவர்கள் அடிக்கும் சின்ன ஆணி. பாரிமுனையில் கால் கிலோ வாங்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். சுவரில் சாய்த்திருந்த பழைய படங்களின் ஓரத்தைக் காட்டினார். கடல்காற்றில் ஆணி துருப்பிடித்து, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் ஊறியிருந்தது. பொட்டு வைத்தமாதிரி வரிசையாக. மெட்ராஸில் வரைந்த படம் என்று யாருக்கும் சான்று தேவையில்லை, பின்னால் திருப்பிப் பார்த்தால் போதும் என்றார்.

இதை நான் மறந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

அவர் தொண்ணூறுகளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் சந்தை வந்தது. 2002-ல் மும்பை ஓவியர் தையப் மேத்தாவின் 'செலப்ரேஷன்' நியூயார்க் ஏலத்தில் மூன்று லட்சம் டாலரைத் தாண்டியது. 2005-ல் அவருடைய 'மகிஷாசுரா' 15.8 லட்சம் டாலருக்குப் போனது. இந்தியாவின் சமகால ஓவியம் ஒன்று பத்து லட்சம் டாலரைக் கடந்தது அதுதான் முதல் முறை. மும்பைக்காரர்களின் படங்கள் கைக்கெட்டாத விலைக்குப் போனதும், வாங்குகிறவர்களின் பார்வை தெற்கே திரும்பியது. இருக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளின் வாசலில் கார்கள் நின்றன. செத்துப்போனவர்களுக்குத்தான் மதிப்பு அதிகம்; இனிமேல் அவர்கள் வரையமாட்டார்கள் இல்லையா. ஆனால் வரைய வைக்கலாம் என்பதும் சிலருக்குத் தெரிந்தது.

2007-ல் என்னைக் கூப்பிட்டவர் ஓவிய வியாபாரி. யாரென்று சொல்லப்போவதில்லை, என் குற்றத்தைப் பங்குபோட ஆள் தேடி இதை எழுதவில்லை. ஒரு பெரிய வீட்டின் மாடியில், ஏசி அறையில், வெள்ளைச் சுவரில் படம் சாய்ந்திருந்தது. கீழ் மூலையில் ஓவியரின் தமிழ்க் கையெழுத்து, 1969 என்று வருடம். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வரைந்தவனுக்குக் கை இருந்தது. கறுப்புக் கோடு தடித்து ஓடி, நடுவில் ஒரு மஞ்சள் வெயில்போல விரிந்திருந்தது. இவர் இப்படியும் வரைந்திருக்கிறாரா, நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்தது.

பழக்கத்தில் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

ஆணி இல்லை. ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "சட்டம் செல்லரிச்சுப் போச்சு சார். புதுச் சட்டத்துல மாத்தி அடிச்சிருக்கோம்." மாற்றி அடிப்பது வழக்கம்தான். ஆனால் சட்டத்தை மாற்றலாம், துணியில் முன்பு ஆணி இறங்கிய துளையை மாற்ற முடியாது. ஓரத்தை வெட்டியிருந்தால் துளையும் சேர்ந்து போயிருக்கும். ஆனால் இந்த ஓரம் வெட்டுப்படாமல் நாலு விரல் அகலத்துக்கு மடிந்து கிடந்தது. கட்டைவிரலை வைத்து ஓரத்தை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டே போனேன். பிறகு அடுத்த பக்கம். பிறகு அடுத்தது. நாலு பக்கமும் தடவி முடித்தேன். ஒரு துளை இல்லை. ஒரு பழுப்புப் பொட்டு இல்லை. முப்பத்தெட்டு வருடம் மெட்ராஸ் காற்றில் இருந்த துணி, நேற்றுக் கடையில் கிழித்ததுபோல வழவழவென்று இருந்தது.

படத்தை மறுபடி சுவரில் சாய்த்துவிட்டு, "நல்ல வேலை" என்றேன். இரண்டு பக்கமும் அர்த்தம் வரும் சொல். அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவர் ஒரு புகைப்படமும் காட்டினார். கறுப்பு வெள்ளை. ஓவியர், பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர். அவர்தான் முதலில் வாங்கியவராம்; குடும்பம் வெளிநாட்டில் இருந்ததாம். புகைப்படத்தில் ஓவியர் இருந்தார். ஓவியம் இல்லை. அதையும் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னால் படித்தேன். ஜெர்மனியில் வுல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்ற போலி ஓவியன், தான் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டி, தன் மனைவிக்குப் பாட்டிபோல வேடமிட்டு உட்காரவைத்துப் பழைய காலப் புகைப்படமாக எடுத்திருக்கிறான். படத்துக்கு ஒரு குடும்ப வரலாறு வேண்டும், அதற்காக. 1914-ம் வருடத்துப் படம் என்று விற்ற ஒன்றில், அந்தக் காலத்தில் இல்லாத டைட்டானியம் வெள்ளை கலந்திருந்தது தெரியவந்து, 2010-ல் பிடிபட்டான்.

ஏன் செய்தேன்? பணத்துக்காக என்று சொன்னால் கேட்பவர்கள் இரக்கப்படுவார்கள். நாற்பதாயிரம் கொடுத்தார்கள், அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகைதான். ஆனால் காரணம் அதுவல்ல. இருபத்து மூன்று வருடமாக ஐந்நூறு பேர் படிக்கும் இதழ்களில் ஓவியத்தைப் பற்றி எழுதி வந்தவன் நான். இவர்கள் கேட்டது ஒரு கேட்லாகுக்குக் கட்டுரை: கெட்டி அட்டை, வழவழப்பான தாள், ஆங்கிலமும் தமிழும் எதிரெதிர்ப் பக்கத்தில், படத்துக்குக் கீழே என் பெயர். அதற்கு ஆசைப்பட்டேன். கடைசியில் என்னையும் ஒருவர் தேடிவந்து கேட்கிறார் என்ற நினைப்பு எனக்குள் எப்படி ஏறியது என்றால், அந்த மாடியிலிருந்து இறங்கும்போதே முதல் பத்தியை மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கட்டுரையில் எங்கேயும் "இது அசல்" என்று நான் எழுதவில்லை. அவருடைய கோடு, அறுபதுகளின் இறுதி, பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையோடு உள்ள உறவு என்று சுற்றிச் சுற்றி எழுதினேன். நாளைக்குக் கேள்வி வந்தால் தப்பிக்கலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கதவு வைத்தேன்.

நியூயார்க்கின் நோட்லர் கேலரி விவகாரம் வெளியே வந்தபோது, ஒரு வரி விடாமல் தேடிப் படித்தேன். 1846-ல் தொடங்கிய கேலரி, 2011-ல் ஒரே நாளில் மூடப்பட்டது. ராத்கோ, பொல்லாக், மதர்வெல் ஆகிய ஓவியர்களின் படங்கள் என்று கேலரி பல வருடம் விற்றவற்றில் ஏராளமான படங்களை வரைந்தவர் ஒரே மனிதர்: குவீன்ஸ் பகுதியில் தன் வீட்டில் உட்கார்ந்து வரைந்த ஷாங்காய்க்காரர் பெய் ஷென் சியான். அவருக்குக் கிடைத்தது படத்துக்குச் சில ஆயிரம் டாலர். மொத்த விற்பனை சுமார் எட்டுக் கோடி டாலர். ஒரு பொல்லாக்கில் கையெழுத்தே எழுத்துப்பிழையோடு இருந்தது, அதையும் யாரும் பார்க்கவில்லை. 170 லட்சம் டாலருக்குப் போன இன்னொரு படத்தில், பொல்லாக் 1956-ல் செத்த பிறகே புழக்கத்துக்கு வந்த மஞ்சள் நிறமி இருந்ததாக ஆய்வு சொன்னது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவை அல்ல. படத்தைப் பார்த்தவர்கள் என்று வல்லுநர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை கேலரி வாங்குகிறவர்களுக்குக் காட்டியிருக்கிறது. அவர்களில் பலர் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்கள்: நாங்கள் பார்த்தோம், அவ்வளவுதான், அசல் என்று சொல்லவே இல்லை. படித்தபோது எனக்குப் பகீரென்றது. நான் வைத்திருந்த கதவும் இதே கதவுதான். ஆனால் அவர்கள் பெயரை அவர்களுக்குத் தெரியாமல் பயன்படுத்தினார்கள். நான் என் பெயரை நானே கொடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டுரையை முடித்து அனுப்பிய பிறகு வியாபாரி போன் செய்தார். "எல்லாம் பிரமாதம் சார். ஆனா நீங்க அவரை நேர்ல பார்த்தவரு. அது ஒரு வரி வந்தா நல்லாருக்கும்." நான் சேர்த்துக் கொடுத்தேன். 1984-ல் ஓவியர் வீட்டில் இந்தப் படத்தின் வரிசையைச் சேர்ந்த படங்களைக் கண்ணால் பார்த்ததாக ஒரு வாக்கியம். பச்சைப் பொய். அந்த வீட்டில் அப்படியொரு மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. மற்ற வாக்கியங்களுக்கெல்லாம் கதவு வைத்தவன், இதற்கு வைக்கவில்லை. படம் விற்றது அந்த வாக்கியத்தால்தான்.

அடுத்த ஆண்டு சந்தை விழுந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. 2009 ஜனவரியில் எஸ்.எச். ரஸா தில்லியில் தன் பழைய படங்களின் கண்காட்சியைத் தொடங்கிவைக்க வந்து, சுவரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தான் வரைந்தவையே அல்ல என்று கண்டு அதிர்ந்துபோனார். பத்திரிகையில் படித்தபோது ஒன்றுதான் தோன்றியது: ரஸா உயிரோடு இருந்ததால் வந்து சொல்ல முடிந்தது. எங்கள் ஓவியருக்காக வந்து சொல்ல வேண்டியவன் நான். நான்தான் எதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

2019-ல் 'வெல்வெட் பஸ்ஸா' என்று ஒரு படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. டான் கில்ராய் இயக்கியது. கலை உலகத்தை வைத்து எடுத்த ரத்தக்களரியான த்ரில்லர். யாருக்கும் தெரியாத ஒரு கிழவர் இறந்துபோகிறார்; தன் ஓவியங்களை அழித்துவிடச் சொல்லியிருக்கிறார். அதை மீறி எடுத்து விற்கிறார்கள். அந்தப் படங்களால் லாபம் பார்த்த ஒவ்வொருவரும் கோரமாகச் சாகிறார்கள். ஜேக் ஜில்லன்ஹால் விமர்சகராக வருவார். ஒரு பெண்ணின் மனம் குளிரவேண்டும் என்பதற்காக, அவளுடைய முன்னாள் காதலனின் கண்காட்சியை நாசமாக்கி ஒரு விமர்சனம் எழுதுவார். சின்னக் காட்சிதான். அங்கே நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடைசியில், அவர் மட்டம்தட்டிய ஒரு கலைப்படைப்பே உயிர்பெற்று அவரைக் கொல்கிறது.

படம் எப்படி என்று கேட்டால், பாதிக்கு மேல் தடுமாறும் படம். ஆனால் அன்றிரவு வெகுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் கலை பழிவாங்குகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பிறகு எனக்கு இன்னும் நான்கு கேட்லாக் வந்தது. ஒரு கருத்தரங்கில் பொன்னாடை போர்த்தினார்கள். ரத்தம் சிந்தாமல், யாரும் கத்தாமல், ஒரு பொய் அலமாரியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டு நடுங்கினேன். நடுங்கியும் அடுத்த நாள் ஒன்றும் செய்யவில்லை. வழக்கு வருமே என்ற பயத்தைக் காரணமாக வைத்துக்கொண்டேன். ஆண்டி வார்ஹோல் அறக்கட்டளையே வழக்குச் செலவு தாங்காமல், படங்களை அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் தன் குழுவைக் கலைப்பதாக 2011-ல் அறிவித்தது. நான் எம்மாத்திரம் என்று எனக்கே வாதாடிக்கொண்டேன். அவர்கள் உண்மையைச் சொல்லப் பயந்தார்கள். நான் பொய்யைத் திரும்ப வாங்கப் பயந்தேன். இரண்டும் ஒன்றல்ல.

2022-ல் அம்மா போன் செய்தார்கள். "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒரு சமாசாரம்."

மடிப்பாக்கத்தில் மகனோடு இருந்தார்கள். எண்பது தாண்டிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பேரன் ஒரு படத்தை இழுத்துச் சுவரில் சாய்த்தான். 1969. மெல்லிய கோடுகள், மண்ணின் சிவப்பு, சாம்பல். ஒரு பையன் மதில் ஏறி எட்டிப் பார்க்கிறமாதிரி, ஒரு எழுத்து மட்டும் மேல் ஓரத்தில் தொங்கியது. திருப்பினேன். சின்ன ஆணிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்புப் பொட்டு. விரலை வைத்தேன், துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கும், மகன் வாங்கிய கடனுக்குமாகப் படத்தை விற்கவேண்டியிருந்தது. வாங்க வந்தவர் கையோடு 2007 கேட்லாகைக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: அதே வருடத்துப் படம், ஆனால் அதில் கோடு தடிமன், இதில் மெல்லிசு, அதில் அந்த மஞ்சள் இருக்கிறது, இதில் இல்லை, இது அவருடையதுதானா என்று யோசனையாக இருக்கிறது. அந்தக் கட்டுரை எழுதினவர் ஒரு சான்று கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுமாம் தம்பி."

போலி அளவுகோலாகிவிட்டது. அசல் அதன் முன்னால் கைகட்டி நிற்கிறது. அந்த அளவுகோலைச் செய்துகொடுத்தவன் நான். அம்மா என்னிடமே வந்து கேட்கிறார்கள்.

சொல்லிவிட்டேன். உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொன்னேன். ஸ்டேப்ளர் பின், இல்லாத துளைகள், போன் வந்தது, சேர்த்த வரி, எல்லாம். பேரன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா கொஞ்சநேரம் கையிலிருந்த முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்கள்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சுது தம்பி. அந்த மஞ்சள அவர் வாங்கினதே கிடையாது. அந்த டியூபு வெல ஜாஸ்தி. ஆனா நீங்க பாத்ததா எழுதியிருந்தீங்க. சரி, நமக்குத்தான் வயசாச்சு, மறந்துபோச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

பதினைந்து வருடம். தன் புருஷன் என்ன வரைந்தார் என்பதில், என் ஒரு வரிக்காகத் தன் ஞாபகத்தையே அவர்கள் நம்பாமல் இருந்திருக்கிறார்கள். நான் கெடுத்தது ஒரு பணக்காரரின் முதலீட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்தார்கள். வீட்டுக் கணக்கு. அரிசி, மண்ணெண்ணெய், பால், வாடகை, நடுநடுவே "அவருக்கு பெயிண்ட்". எந்த நிறம், எத்தனை டியூப், என்ன விலை என்று பென்சிலால் பொடி எழுத்தில். 1969 முழுக்க ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினோம். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மறுபடி வெள்ளை. மஞ்சள் ஒரு மாதத்திலும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் பீரோவில் இருந்த அந்த நோட்டைவிடப் பெரிய சான்று உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது. அதைத் தேடிப் போய்க் கேட்கவேண்டியது 2007-ல் என் வேலை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நோட்டின் பக்கங்களையும் ஆணிகளையும் படம் எடுத்து, நடந்ததை ஆறு பக்கம் எழுதி, போலி இப்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்கும், அன்று விற்றவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டைகள் கையெழுத்தோடு திரும்பி வந்தன. பதில் இல்லை. அம்மாவின் படத்துக்கு நான் சான்று எழுதவில்லை. என் சான்றுக்கு இனி என்ன மதிப்பு. நோட்டின் பிரதியைப் படத்தோடு வைத்து வேறொருவர் வாங்கிக்கொண்டார். கேட்ட விலைக்கு இல்லை. குறைத்துத்தான்.

நோட்டைப் பார்த்த அன்று கிளம்பும்போது அம்மா தன்னிடம் இருந்த கேட்லாகை எடுத்துவரச் சொன்னார்கள். என் கட்டுரைப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மயிலிறகு வைத்திருந்தார்கள். பேனாவையும் கையில் கொடுத்தார்கள்.

"அந்த வரிய அடிச்சுடுங்க தம்பி."

அடித்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.

அந்தக் கேட்லாக் ஐந்நூறு பிரதி அச்சானது. மற்றவை யார் யார் வீட்டில் இருக்கின்றனவோ எனக்குத் தெரியாது. இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். நாற்பத்தோராம் பக்கம், மூன்றாம் பத்தி, இரண்டாவது வாக்கியம்.